எட்டு மைல் மூச்சு

ஒரு விசைப்படகை வாயால் ஊதி ஊதியே பதினெட்டு மைல் கடலில் ஓட்டிக்கொண்டுபோய் நாகப்பட்டினம் துறைமுகத்தில் கட்டிய மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் பெயர் சிங்காரவேலு. இதைச் சொன்னவரும் அவரேதான்.

சொல்கிற அழகே தனி. திருப்பூண்டி கடைத்தெருவில் ஜெக்கரியா டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடித்துப்போட்டு உட்கார்ந்து, இரண்டு கன்னத்தையும் பூசணிக்காய் அளவுக்கு உப்பவைத்து ஊதிக் காட்டுவார். எதிரே இருப்பவன் டீயில் அலையடிக்கும். "நான் ஊதின வேகத்துல கோடியக்கரையில நின்ன நாரையெல்லாம் இலங்கையில போய் இறங்கிடுச்சு. போதும் நிறுத்துங்கன்னு அங்கேருந்து கடுதாசி வந்துச்சு" என்பார். முதல் வருஷம் எட்டு மைலாகத்தான் இருந்தது. அப்புறம் பத்து, பன்னிரண்டு. பெண்ணைக் கட்டிக்கொடுத்த வருஷம் பதினைந்தானது. கடைசியாகப் பதினெட்டில் வந்து நின்றது. அதற்கு மேல் ஊதினால் படகு காரைக்காலுக்குப் போய்விடும் என்று அவருக்கே தோன்றியிருக்கும்.

கடை மொத்தமும் சிரித்து முடித்தபிறகு எல்லார் தலையும் பெஞ்சின் அந்தக் கோடிக்குத் திரும்பும். அங்கே உத்திராபதி இருப்பார். முள்ளித்திடல் பண்ணையில் கூலிக்கு உழுதவர். அந்தப் படகில் போனவர்களில் சிங்காரவேலுவைத் தவிர உயிரோடு மிஞ்சிய ஒரே ஆள்.

"என்ன பெரியவரே, நீங்க சொல்லுங்க. ஊதினாரா?"

உத்திராபதி தம்ளருக்குள் பார்த்துக்கொண்டே சொல்வார். "ஊதவுமில்ல, ஒண்ணுமில்ல. காத்தும் அலையும் தள்ளிக்கிட்டுப் போச்சு. அவ்வளவுதான்."

மறுபடியும் கூரை அதிரும். எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரிப்பவர் சிங்காரவேலுதான். இருபத்திரண்டு வருஷம் இந்தக் கூத்து நடந்தது. இருபத்திரண்டு வருஷமும், அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்ததும் உத்திராபதி பாதித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். ஏனென்றால் அவர் பார்த்திருந்தார். படகின் சுக்கானைப் பிடித்திருந்தவரே அவர்தான்.

எழுபத்தொன்றாம் வருஷத்து ஐப்பசி அது. அந்த மழையைப் பற்றிச் சொன்னாலும்தான் யார் நம்புவார்கள்? தவளைகள் மரமேறின. வெள்ளையாற்றில் தண்ணீர் போகிறதா, தண்ணீருக்குள் வெள்ளையாறு போகிறதா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. முள்ளித்திடலில் ஒரு கோழி கூரைமேலேயே முட்டையிட்டு, அங்கேயே அடைகாத்து, குஞ்சும் பொரித்தது.

மழைக்கு முந்தியே திடல் கொதித்துக்கொண்டிருந்தது. கூலி நெல்லில் அரைப்படி கூடக் கேட்டுப் பண்ணை ஆட்கள் தெருமுனையில் சிவப்புக் கொடி கட்டினார்கள். தாளடி நடவுக்கு இறங்கமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். சென்னையில் ஏழைகளின் ஆட்சி நடப்பதாகச் சுவருக்குச் சுவர் எழுதியிருந்தது. திடலில் மிராசுதார் ஆட்சிதான் நடந்தது. அவர் டிராக்டரை இறக்கினார், வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. பண்ணைப் பம்புசெட்டின் பெல்ட் ஒன்று அறுபட்டதற்கு ஏழு பேரைப் பிடித்துப் போனார்கள். மிச்சத் தெருவை ஆண் பெண் பார்க்காமல் அடித்தார்கள்.

உத்திராபதிக்கு அப்போது முப்பது வயது. டிராக்டர் ஓட்டிய ஒவ்வொரு உழவுச் சாலும் தன் முதுகின்மேல் ஓடுவதுபோல இருந்தது அவருக்கு. ஒரு மத்தியானம், காவலாள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பண்ணை ஷெட்டுக்குள் நுழைந்தார். டிராக்டருக்கென்று நிறுத்தியிருந்த டீசல் டிரம்மின் மூடியைத் திருகினார். வாய்க்கால் தண்ணீர் இரண்டு குடம் ஊற்றி, மூடியை மறுபடி இறுக்கிவிட்டு வந்தார். யாரிடமும் சொல்லவில்லை, விவசாயக் கூலிச் சங்கத்தில்கூட. நாளைக் காலை டிராக்டர் நடுவயலில் நிற்கவேண்டும், அது போதும்.

டிராக்டர் நிற்கவில்லை. புறப்பட்டால்தானே நிற்பதற்கு? அன்று சாயங்காலம் பிடித்துக்கொண்டதுதான் மேலே சொன்ன மழை. டிரம் ஷெட்டிலேயே கிடந்தது.

மழையின் ஐந்தாம் நாள் உத்திராபதியின் மனைவி தையல்நாயகிக்கு வலி கண்டது. முதல் பிள்ளை. ஏழாம் நாள் காலையிலும் பிள்ளை வரவில்லை. மருத்துவச்சி செபஸ்தியம்மாள் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, "குறுக்கால கிடக்குதுப்பா. இனிமே என் கையில இல்ல. நாகப்பட்டினம் கொண்டு போயிடு" என்றாள். போகிற சாலை ஏழு இடத்தில் உடைந்திருந்தது.

ஆற்றுத் துறையில் ஒரு விசைப்படகு நின்றது. முகத்துவாரத்து மீனவர் சங்கத்துப் படகு, வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளத்தில் மாட்டிய திடலுக்கு அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு அதன் டிரைவர் சிங்காரவேலு தன்னந்தனியாக ஆற்றை எதிர்த்து ஏறி வந்திருந்தார். அரிசி இறங்கிவிட்டது. திரும்பிப் போக டீசல் இல்லை. எண்ணெய்ப் பெட்டியின் அடியில் நாலு விரல் உயரத்துக்குத்தான் கிடந்தது.

"முகத்துவாரம் வரைக்கும் ஆறே இழுத்துக்கிட்டுப் போயிடும். அங்கேருந்து எட்டு மைலு கடல் இருக்கே" என்றார் சிங்காரவேலு. "எண்ணெய் இல்லாம நான் என்ன, ஊதியா ஓட்டுறது?"

அப்போதுதான் காரியக்காரர் பஞ்சநதம் குடை பிடித்துக்கொண்டு துறைக்கு வந்தார். மிராசுதாருக்காகப் பண்ணையைக் கட்டி ஆண்டவர். அந்த ஏழு பேர் பெயரைப் போலீசுக்கு எழுதிக்கொடுத்தவரும் அவர்தான். விஷயத்தைக் கேட்டார். படகைப் பார்த்தார்.

"நம்ம ஷெட்டுல டிரம்மு இருக்கு, எடுத்துக்கிட்டுப் போங்க. சண்டை எங்க போவுது, மழை விட்டதும் போட்டுக்கலாம். பிள்ளைத்தாச்சி உசிருல்ல முக்கியம்."

உத்திராபதியின் தலையில் இடி விழுந்தது அங்கேதான். எதிரி எப்போதும் கெட்டவனாகவே இருந்துவிட்டால் எவ்வளவு சௌகரியம்.

வாயைத் திறந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். பெல்ட்டுக்கு ஏழு பேர் என்றால் டிரம்முக்குத் தெரு மொத்தமும். திறக்காவிட்டால்? அவர் மனம் மாரியம்மன் கோயில் விளக்கைப் போய்ப் பிடித்துக்கொண்டது. கண்ணாடித் தம்ளரில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, மேலே எண்ணெய் விட்டுத் திரி போடுகிற விளக்கு. தண்ணீர் அடியில் கிடக்கும், எண்ணெய் மேலே நிற்கும், விளக்கு பாட்டுக்கு எரியும். டிரம்மிலும் அப்படித்தானே இருக்கும். மேலாக எடுத்தால் நல்ல எண்ணெய்தானே வரும்.

ஆனால் வெளியூர் ஆட்கள் இரண்டு பேர் டிரம்மைப் படுக்கப் போட்டார்கள். ஷெட்டிலிருந்து துறை வரைக்கும், வண்டி இறங்க முடியாத அந்தச் சேற்றில், கரைமேலேயே தடதடவென்று உருட்டிக்கொண்டு வந்தார்கள். கோயில் விளக்கை யாரும் உருட்டிப் பார்த்ததில்லை. உத்திராபதி பார்த்துக்கொண்டு நின்றார்.

"டிரம்ம நிமித்தி வச்சு, கொஞ்ச நேரம் ஆடாம அசையாம விட்டு எடுக்கலாமே" என்றார். அவரால் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

"ஏன்டா, அங்க பொண்டாட்டி துடிக்கிறா. நீ டிரம்முக்கு இளைப்பாறக் குடுக்குறியா?" என்றார் பஞ்சநதம்.

சிங்காரவேலு உத்திராபதியின் முகத்தை ஒரு முறை பார்த்தார். துணி போட்டு வடிகட்டாமல் ஒரு சொட்டு எண்ணெய் இறக்காத ஆள் அவர். படகில் தார்ப்பாய்க்கு அடியில் ஏற்றிப் படுக்கவைத்திருந்த தையல்நாயகியின் குரல் வந்தது. வடிகட்டாமலேயே இறக்கினார்.

படகில் நாலு பேர். முன்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் தையல்நாயகி, அவள் தலையை மடியில் தாங்கிக்கொண்டு செபஸ்தியம்மாள். பின்பக்கம் ஆண்கள் இருவரும். எண்ணெயை மிச்சம் பிடிப்பதற்காக இஞ்சினைப் போடாமல் ஆற்றோடேயே விட்டார் சிங்காரவேலு. அந்த ஒரு மணி நேரத்தில் பெட்டிக்குள் தண்ணீரெல்லாம் பொறுமையாக அடிக்கு இறங்கியது. இஞ்சினுக்கு எண்ணெய் போகிற குழாயும் அடியில்தான் இருந்தது.

முகத்துவாரத்தில் இஞ்சினைப் போட்டார். குழாயில் ஏற்கெனவே இருந்த நல்ல எண்ணெயில் அது பாடிக்கொண்டே ஓடியது. "கேக்குதா? இதோ போயிடலாம்" என்று உத்திராபதி குரல் கொடுத்தார். "கேக்குது" என்றாள் தையல்நாயகி. கடலில் அரை மைல் போயிருக்காது. இஞ்சின் இருமியது, வெள்ளைப் புகை கக்கியது, நின்றது.

நங்கூரத்தைப் போட்டுவிட்டு, வடிகட்டியின் திருகைத் தளர்த்தி, ஒழுகியதை உள்ளங்கையில் பிடித்தார் சிங்காரவேலு. எண்ணெய்க்குள் தண்ணீர் முத்து முத்தாக உருண்டது. நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். மறுபடியும் ஒரு முறை உத்திராபதியின் முகத்தைப் பார்த்தார்.

"தண்ணி" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை.

பெட்டியின் அடித்திருகைத் திறந்து தண்ணீரை வெளியேற்றினார். வடிகட்டியைக் கழற்றிக் கழுவினார். குழாய்களை ஒவ்வொன்றாக உருவி ஊதிச் சுத்தம் செய்தார். எல்லாவற்றையும் பூட்டி முடித்தபிறகும் இஞ்சின் எழும்பவில்லை. பெட்டியிலிருந்து எண்ணெயை இழுத்துக்கொடுக்கும் சின்னப் பம்புக்குள் வாய்க்கால் சேறு போய் அடைத்து, உள்ளே இருந்த தகடு கிழிந்துபோயிருந்தது. மாற்றுத் தகடு கரையில் இருந்தது.

இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. இதற்குள் தையல்நாயகி மூன்று தரம் கேட்டுவிட்டாள்.

"என்னாங்க, சத்தத்தையே காணும்?"

"இதோ, இதோ கிளம்பிடும்."

"அந்தச் சத்தம் கேட்டாத் தேவலாம் போல இருக்குங்க."

சிங்காரவேலு படகைச் சுற்றிப் பார்த்தார். ஒரு மண்ணெண்ணெய் டின் கிடந்தது. அதன் மூடியில் ஆணியால் இரண்டு ஓட்டை போட்டு, இரண்டு ரப்பர் குழாய்களைச் சொருகி, சுற்றிலும் சோப்பை அப்பி அடைத்தார். ஒரு குழாய் எண்ணெய்க்குள் இறங்கி இஞ்சினுக்குப் போனது. இன்னொன்றின் நுனி அவர் வாயில். இவர் காற்றை உள்ளே ஊதினால், அந்த அழுத்தத்தில் எண்ணெய் மேலேறி இஞ்சினுக்குப் போகவேண்டும். பம்பு செய்கிற வேலையை மனிதன் செய்யவேண்டும், அவ்வளவுதான்.

"உன் துண்டக் குடு" என்றார்.

உத்திராபதி தலையில் சுற்றியிருந்த சங்கத்துச் சிவப்புத் துண்டை அவிழ்த்துக் கொடுத்தார். பெட்டியின் மேலாக நின்ற எண்ணெயைக் கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டு, அந்தத் துண்டில் வடிகட்டி, டின்னை நிரப்பினார்கள். சிங்காரவேலு கன்னங்களை உப்பவைத்து ஊதினார். இஞ்சின் எழுந்தது.

"கேக்குது" என்றாள் தையல்நாயகி.

எட்டு மைல். கடற்கரையில் நின்ற வேளாங்கண்ணிக் கோபுரத்தைப் பார்த்துச் செபஸ்தியம்மாள் மாதாவைக் கூப்பிட்டாள். பின்பக்கம் ஆண்கள் செய்வதைத் திரும்பிப் பார்க்க அவளுக்கு நேரமில்லை, அதன்பிறகு தையல்நாயகியின் முகத்தை விட்டு அவள் கண் நகரவில்லை. சிங்காரவேலுவின் வாய்க்கு வேலை இருந்ததால் கையால்தான் பேசினார். இடது, வலது, நேரே, டின்னை நிரப்பு. சுக்கானைத் தொட்டே அறியாத உத்திராபதி அந்தக் கையைப் பார்த்தே படகைச் செலுத்தினார். சிங்காரவேலு மூச்சை இழுத்தால் இஞ்சின் தணியும், ஊதினால் எழும்பும். டீசல் புகை நெஞ்சுக்குள் போய் நாலு முறை வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி குழாயைக் கவ்வினார். கண்கள் பழுத்த மிளகாயாக இருந்தன. கடைசி மைலில் குழாய் நுனி ரத்தமாக இருந்தது.

கலங்கரை விளக்கம் தெரிந்ததும் உத்திராபதி, "வந்தாச்சு தையலு, கேக்குதா" என்றார். பதில் வரவில்லை. செபஸ்தியம்மாள்தான், "மூச்சு இருக்குது, போ, போ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் தையல்நாயகி அரை மணி நேரம்தான் உயிரோடு இருந்தாள். பிள்ளை அதற்கு முன்பே போய்விட்டது. "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டாந்திருந்தா ரெண்டு உசிரும் தங்கியிருக்கும்" என்று டாக்டரம்மா சொன்னார். இந்த இடத்தில் கூட்டிச் சொல்லவோ குறைத்துச் சொல்லவோ ஒன்றுமில்லை.

மழை விட்டதும் மீனவர் சங்கத்தில் விசாரணை வைத்தார்கள். புதுப் படகு, பம்பு பாழ், பெட்டியில் சேறு, போதாததற்கு இரண்டு சாவு. தண்ணீர் எப்படி வந்தது என்று கேட்டார்கள்.

"மழையில மூடிய சரியா இறுக்காம விட்டுட்டேன்" என்றார் சிங்காரவேலு.

அப்புறம் எப்படி வந்து சேர்ந்தாய் என்றார்கள். வாயால் ஊதி ஓட்டினேன் என்றார். சபை சிரித்தது. செபஸ்தியம்மாள் மழைக் காய்ச்சலில் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தாள். சாட்சிக்கு வந்திருந்த உத்திராபதியைக் கேட்டார்கள். எண்ணெய் கொடுத்தவர் என்பதால் பஞ்சநதமும் அங்கே உட்கார்ந்திருந்தார். ஆமாம் என்று சொன்னால், இவ்வளவு கெட்டிக்காரனா மூடியை இறுக்காமல் விட்டான், பம்பே பாழாகிற அளவுக்குச் சேறு மழையிலா வந்தது என்ற கேள்வி வரும், அந்தக் கேள்வி நேரே ஷெட்டுக்குப் போகும். உத்திராபதி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஊதவுமில்ல, ஒண்ணுமில்ல. காத்தும் அலையும் தள்ளிக்கிட்டுப் போச்சு."

அந்த வாக்கியம் பிறந்தது அன்றைக்குத்தான். பொறுப்பில்லாதவன், பொய்யன் என்று சிங்காரவேலுவை வேலையிலிருந்து எடுத்தார்கள். அதன்பிறகு எந்த இஞ்சினிலும் அவரைக் கைவைக்க விடவில்லை. மற்றவர் படகில் வலை இழுத்தே காலம் போயிற்று.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மாசி மாதம் டீக்கடைக்கு வருவதை அவர் நிறுத்திவிட்டார். நெஞ்சில் சளி கட்டிவிட்டது, மூச்சு ஏறவில்லை என்றார்கள். பெஞ்சில் ஊதிக் காட்ட ஆளில்லை. ஒரு மாதம் பார்த்தார் உத்திராபதி. பிறகு ஒரு பிற்பகல் குப்பத்துக்கு நடந்தே போனார். வீட்டு வாசலில் நாலைந்து பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அவரைத் தெரியாதவர் யாருமில்லை. ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

சிங்காரவேலு இரண்டு தலையணையில் சாய்ந்திருந்தார். பூசணிக்காய்க் கன்னங்கள் உள்ளே ஒட்டிப்போயிருந்தன. "வாங்கண்ணே" என்று அவர் மனைவி எல்லையம்மாள் பாயை விரித்துவிட்டு, தண்ணீர் மொள்ளப் போனாள்.

"கையிருப்பு தீந்துபோச்சு உத்திராபதி" என்றார் சிங்காரவேலு. "பாதி மூச்ச அன்னிக்கே செலவு பண்ணிட்டேன்ல."

உத்திராபதி உட்கார்ந்தார். "அண்ணே, அன்னிக்கு அந்த டிரம்முல" என்று ஆரம்பித்து நிறுத்தினார்.

"வாய்க்காத் தண்ணி" என்றார் சிங்காரவேலு.

உத்திராபதி நிமிர்ந்தார்.

"நாக்குல வச்சேனே. கடத்தண்ணின்னா கரிக்கும். மழைத்தண்ணியில சேறு ஏது? அதுல வயல் வாசம் அடிச்சிது. வடிகட்டினப்ப உன் துண்டுல நெல்லுப் பதரு ஒட்டிக்கிட்டிருந்துச்சு." மூச்சு வாங்கினார். "டிரம்ம அசையாம வைக்கச் சொன்னப்பவே உன் மொகத்துல பாத்தேன். பாத்தும் நான் வடிகட்டல. அந்தப் பாவத்துல எனக்கும் ஒரு பங்கு இருக்கு."

"தெரிஞ்சும் ஏண்ணே சொல்லல?"

"நான் ஊதினத நம்பிட்டா, இவ்வளவு தெரிஞ்சவனா மூடிய இறுக்காம விட்டான், அவ்வளவு சேத்துத் தண்ணி எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. உன் தெருவ விட்டு வச்சிருப்பாங்களா? பொண்டாட்டியப் புதைச்சிட்டு வந்தவன ஜெயிலுக்கு அனுப்புறதா? அதான் மைலக் கூட்டிக்கிட்டே போனேன். எவனும் நம்பிடக் கூடாதுல்ல."

தண்ணீர்ச் செம்போடு வந்த எல்லையம்மாள் கதவோரமே நின்றுவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் அவளும் கணவனைப் பொய்யன் என்றே நினைத்துக் குடித்தனம் நடத்தியவள். செம்பைத் தரையில் வைத்தாள். அது ஆடி நின்றது.

"உனக்குத் தெரியும்ல, அது போதும்னு இருந்தேன்" என்றார் சிங்காரவேலு. "ஆனா நீ இல்லன்னு சொல்லச் சொல்ல, சில நாளு எனக்கே சந்தேகமாப் போயிடும். ராத்திரி படுத்துக்கிட்டு யோசிப்பேன். நெசமாவே ஊதினோமா, இல்ல காத்துதான் தள்ளுச்சான்னு."

அவர் உத்திராபதியைப் பார்த்தார். கேலி பண்ணும் கண்ணில்லை அது. உத்திராபதி அவர் காலைத் தொட்டார். எழுந்து வாசலுக்கு வந்தார்.

"என்ன பெருசு" என்றான் வலை பின்னியவர்களில் ஒருவன். "கடைசியா ஒரு தடவை கேட்டுட்டு வந்தீங்களா? பதினெட்டு மைலும் ஊதித்தான் ஓட்டினாராமா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். உள்ளே இருமல் சத்தம் அடங்கியது. சன்னல் திறந்திருந்தது. உத்திராபதி அந்தச் சன்னலுக்கும் கேட்கிறமாதிரி நின்றுகொண்டார்.

"பதினெட்டு இல்லப்பா. எட்டு மைலு" என்றார். "பண்ணை டிரம்முல தண்ணியக் கலந்தவன் நான். என் பொஞ்சாதி சாவக் காரணம் நான். அவரு இல்ல."

வலை ஊசிகள் நின்றன.

"அந்த எட்டு மைலும் அவரு வாயாலதான் ஊதிக் கொண்டாந்தாரு. சுக்கானப் புடிச்சிக்கிட்டு நான் பாத்துக்கிட்டே இருந்தேன்."